நாற்காலிக்குப் படித்த விமர்சனம்

“அங்கிள், விமர்சனம் எழுதுனதுக்காக யார்கிட்டயாச்சும் அடி வாங்கியிருக்கீங்களா?” என்று போன வாரம் கவிதா தொலைபேசியில் கேட்டாள்.

கவிதா எங்கள் பத்திரிகையில் நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பெண். இடம் என்றால் மேசை மட்டும்தான். எழுதுகிற வேலை இப்போது அதில் இல்லை. புதுப் பாட்டு ஒன்று வந்தால் கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்னும் நேரத்துக்குள் அதைப் பற்றிப் பேசி முடித்துவிடுவாள். அப்படிப் பேசியதற்காக ஒரு பாடகர் அவளை நேரில் வந்து பார்த்துக்கொள்வதாக மிரட்டியிருக்கிறார். பாவம், பயந்துபோய் ரவாங்கில் இருக்கும் என்னை அழைத்தாள்.

“அடியெல்லாம் வாங்கியதில்லை” என்று சொன்னேன். சொல்லிவிட்டு வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. இத்தனை வருடம் விமர்சனம் எழுதியவனுக்கு ஒரு அடிகூட விழவில்லை என்றால், அவன் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்றுதானே ஆகும்? மறுபடி அழைத்து, கரும்பாறைக் குழுவின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். “அங்கிள், இது ரொம்ப நீளம் லா, நீங்க எழுதிக் கொடுத்துடுங்க” என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில். பத்திரிகையில் முதலில் எழுத்துப்பிழை பார்த்தேன். பிறகு மரண அறிவிப்புப் பகுதியைக் கொடுத்தார்கள். அங்கே சில வருடம் இருந்ததில், இந்த நாட்டில் கெட்டவர் என்று ஒருவர்கூட இறந்ததில்லை என்று தெரிந்துகொண்டேன். அங்கிருந்து உள்ளூர்ப் பாடல் விமர்சனத்துக்கு மாற்றினார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் குடும்பத்தார் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்த்தார்கள். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் புஷ்பராணி டீச்சரிடம் பட்டுத் தெரிந்துகொண்டது.

டீச்சர் எங்கள் ஞாயிறு பதிப்பின் கலைப் பக்கத்துக்குப் பொறுப்பாசிரியர். பத்திரிகைக்கு வருமுன் உலு யாம் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தியவர். அதனால் முதலாளி உட்பட எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். காலையில் பார்த்தவுடன் “பசியாறிட்டியா?” என்பார். இல்லை என்றால் ரொட்டி வரவழைத்துக் கொடுப்பார். ஆமாம் என்றால், “சரி, அப்ப திட்டலாம்” என்று ஆரம்பிப்பார்.

அவர் மேசைக்கு எதிரே ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் யாரும் உட்காரக் கூடாது. அது கலைஞருடைய நாற்காலி. விமர்சனம் எழுதியவன், அந்தப் பாடகரோ பாடகியோ அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, எதிரே நின்று உரக்கப் படிக்க வேண்டும். டீச்சர் ஒரு தட்டில் வறுத்த கடலையை வைத்துக்கொண்டு, தோலை ஊதித் தள்ளிக்கொண்டே கண்ணை மூடிக் கேட்பார். படித்து முடித்ததும் கடலைத் தட்டை நம் பக்கம் நகர்த்தினால் விமர்சனம் அச்சுக்குப் போகும். தட்டு நகரவில்லை என்றால் திரும்ப எழுத வேண்டும். நன்றாக இருக்கிறது, இல்லை என்று வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். பள்ளியில் இருந்தபோது ஒரு பையனின் மதிப்பெண் அட்டையில் ‘எதற்கும் உதவாதவன்’ என்று எழுதிவிட்டாராம். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு அப்படியே வந்த அவன் அம்மா, “எனக்குப் படிக்கத் தெரியாதுங்க டீச்சர், நீங்களே படிங்க” என்று எதிரே உட்கார்ந்துவிட்டாராம். டீச்சருக்கு அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை. “பேச்சில் கெட்டிக்காரன்” என்று மாற்றிப் படித்து அனுப்பியிருக்கிறார். “ஆளு மொகத்துக்கு முன்னுக்கு வராத வார்த்த பேப்பர்லயும் வரக்கூடாது மாரி” என்றார்.

இன்னும் இரண்டு சட்டம் உண்டு. விமர்சனம் வெளிவரும்வரை கலைஞரிடம் பேசக் கூடாது. ஒரு பாட்டுக்கு ஒரு விமர்சனம்தான், இரண்டாவது கிடையாது. இல்லாவிட்டால் திட்டு வாங்கியவரெல்லாம் மறுவாரமே பலகாரத்தோடு வந்து நிற்பார்கள் என்பது அவர் கட்சி. நான் எல்லாச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டேன். நாற்காலிதான் எனக்குக் கொஞ்ச நாளில் பழகிப்போய்விட்டது. எவ்வளவு காரமாகப் படித்தாலும் பிளாஸ்டிக் நாற்காலி முகம் சுளிப்பதில்லை.

இனி கரும்பாறைக்கு வருகிறேன். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்து இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் இசைக்குழு அது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவர்கள் முதல் கச்சேரி செய்தபோது, இரண்டாவது பாட்டிலேயே கோயில் செயலாளர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். மின்சாரம் போனது பாடகர் சேகருக்குத் தெரியவில்லை. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டதாம். சேகர் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தவர். இயந்திரத்தை மீறிக் கத்திப் பேசியே வளர்ந்த குரல். தாலாட்டுப் பாடினாலும் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும். அதோடு, தாளத்துக்கு எப்போதும் அரை அடி பிந்தித்தான் வந்து சேர்வார்.

கிட்டார் வாசிக்கும் ராயப்பன் ரவாங் தொழிற்சாலை ஒன்றில் மின்வேலை பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் அவருடையது என்பதால் குழுவின் தலைவரும் அவரே. இவர்களுடைய ஒலிநாடா ஒன்றுக்கு விமர்சனம் எழுதும்போது ‘கொதிகலன் பாடுகிறது’ என்று தலைப்புக் கொடுத்தேன். சேகர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, கத்தரித்துச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவிட்டார். எங்காவது கல்யாணத்தில் பார்த்தால், உச்சியில் வழுக்கையும் பின்னால் குடுமியும் அந்த வெயிலில் தோல் ஜாக்கெட்டுமாக ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார். எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

நீண்ட காலம் சும்மா கிடந்த இந்தக் குழு, எல்லாரும் அறுபதைத் தாண்டிய பிறகு ஒரு புது ஆல்பம் போட முடிவு செய்தது. அதற்கு முன்னோட்டமாக ‘பாலத்துக்கு அந்தப் பக்கம்’ என்று ஒற்றைப் பாட்டை மட்டும் குறுந்தட்டில் பதிந்து வானொலிக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார்கள். மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருந்தது. வழக்கம்போல வீட்டில் ஒரு முறை, காரில் ஒரு முறை, காதில் மாட்டிக்கொண்டு ஒரு முறை என்று கேட்டேன். அசந்துபோனேன். பாட்டில் பாடகரே இல்லை.

கிட்டார் நாலு சுரம் வாசித்துவிட்டு நிற்கிறது. ஏதோ வரப்போகிறது என்று காது காத்திருக்கிறது. வரவில்லை. மறுபடி கிட்டார். மறுபடி காத்திருப்பு. ஆற்றைக் கடந்து போனவர்கள் திரும்பி வராத மாதிரி இருந்தது. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். அந்த வராமைதான் பாட்டு என்றேன். கடைசி வரி இது: ‘இத்தனை ஆண்டு இசை வாழ்வில் கரும்பாறை எடுத்த மிகச் சிறந்த முடிவு, சேகரைப் பாட விடாததுதான்.’

நாற்காலிக்குப் படித்தேன். குரலில் கொஞ்சம் ராகம்கூடக் கூடியிருந்தது. டீச்சர் கண்ணைத் திறந்தார்.

“பாட்டுல சேகர் பாடவே இல்லியா?”

“ஒரு வார்த்தைகூட இல்லீங்க டீச்சர்.”

“அது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாம எப்படிங்க டீச்சர்? அவரோட குழுதானே.”

அவர் ஒரு கடலையை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். பிறகு தட்டு நகர்ந்தது. ஆனால் அரைக் கை அளவுதான் நகர்ந்தது. அதை நான் அப்போது கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமர்சனம் வெளிவந்தது. நான் மட்டும்தான் இப்படி எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு பத்திரிகை ‘தோட்டத்து மக்களின் மௌனத்துக்கு இசையமைத்திருக்கிறார்கள்’ என்று எழுதியது. வானொலியில் ஓர் அறிவிப்பாளர் பாட்டைப் போட்டுவிட்டுத் தானும் சற்று நேரம் மௌனம் காத்தார். இலக்கியக் கூட்டம் ஒன்றில் பேராசிரியர் ஒருவர் இதை வைத்து ஒரு மணி நேரம் பேசினார். பாடகர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பாட்டு புரியவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

விஷயம் சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கல்யாண டின்னரில் வெடித்தது. அதற்கு முன் நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே உள்ளூர்ப் பாட்டு பிழைத்துக் கிடப்பது கல்யாண மேடையில்தான். பெண்ணின் மாமாவோ மாப்பிள்ளையின் சித்தப்பாவோ மேடையேறிப் பாடினால்தான் அந்தப் பாட்டுக்கு ஆயுசு. ஆகவே எந்தக் குழுவும் ஒரு பாட்டைப் பதிந்தால், குரல் இல்லாத கரோக்கே குறுந்தட்டு ஒன்றையும் கூடவே தயாரித்து, டின்னருக்கு ஒலிபெருக்கி வைப்பவர்களிடம் கொடுத்துவிடும். ராயப்பன் பத்திரிகைகளுக்கு நீல உறை, ஒலிபெருக்கிக்காரர்களுக்குச் சிவப்பு உறை என்று வாங்கி வைத்திருந்தார். சமையலறையில் உட்கார்ந்து குறுந்தட்டுகளை உறைக்குள் போடும்போது இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார்.

சுங்கை ஆயர் தாவாரில் பெண்ணின் மாமா மைக்கைப் பிடித்து வாயைத் திறந்திருக்கிறார். ஒலிபெருக்கியிலிருந்து சேகரின் குரல் கிளம்பியது. மாமா விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் உரக்கப் பாடினார். ஒலிபெருக்கிச் சேகரும் விடாமல் பாடினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கோழியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் சாட்சாத் சேகரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தன் குரல் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இங்கே வந்து ஒரு மாமாவோடு சண்டை போடுவதைக் கேட்டபோதுதான், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தனக்கு விளங்காத விஷயம் அவருக்கு விளங்கியது.

நேராக ராயப்பனிடம் போயிருக்கிறார். சரியான குறுந்தட்டை எல்லாருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறார். ராயப்பன் அசையவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பாராட்டு அவர்களுக்கு வந்ததே இல்லை. ஆல்பம் வெளியீட்டுக்குக் கோலசிலாங்கூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. “வந்த பேர ஏன் கெடுத்துக்கணும்? இனிமே நம்ம ஸ்டைலு இதான் லா. நீ மேடையில நில்லு, தம்புரின் தட்டு” என்று சொல்லிவிட்டார். தம்புரின் என்பது சலங்கை கோத்த சின்னத் தட்டுக் கருவி. பள்ளிக்கூடத்தில் எதுவும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளிடம் கொடுப்பார்கள்.

மறுநாள் சேகர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தோல் ஜாக்கெட் இல்லை. சாதாரணச் சட்டையில் அவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. யாரும் சொல்வதற்குள் அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அறையில் இருந்தவர்கள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தோம். டீச்சர் அவரை எழுப்பவில்லை.

சேகர் நடந்ததையெல்லாம் சொன்னார். கத்தவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

“மாரி சார், நான் ஒங்கள கொற சொல்ல வரல. கேட்டத எழுதுனீங்க. ஆனா நான் ஆரம்பிச்ச குழு சார் இது. அதுல என் கையில தம்புரின் கொடுக்குறானுங்க. இந்தாங்க, சரியான டிஸ்க்கு. ஒரு தடவ கேட்டு எழுதுங்க. கேவலமா இருந்தா கேவலம்னே எழுதுங்க. நான் பாடி, அது கேவலம்னு வரட்டும்.”

நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரு பாட்டுக்கு ஒரு விமர்சனம் என்ற சட்டம் இருக்கிறது. எனக்கு அது அப்போது வசதியாகவும் இருந்தது. இவர் எதிரே உட்கார்ந்திருக்க, இவர் குரலைப் பற்றி எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. கேட்டதை எழுதியது தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் தப்பில்லாத அந்தக் கடைசி வரி அன்று மனசில் முள்ளாக நின்றது.

டீச்சர் கடலைத் தோலை ஊதினார். “சட்டம் சட்டம்தான். ரெண்டாவது விமர்சனம் கெடையாது” என்றார். சேகரின் முகம் தொங்கிப்போனது. டீச்சர் தொடர்ந்தார். “ஆனா மாரி, அன்னைக்கு நீ யாருக்குப் படிச்ச? நாற்காலில இருக்க வேண்டிய ஆளு பாட்டுலயே இல்ல. ஆளில்லாத எடத்துல படிச்சது செல்லாது. இதான் மொத விமர்சனம். போடு பாட்ட.”

அலுவலகத்தில் இருந்த பழைய ஒலிப்பானில் போட்டோம். சேகர் கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே நாலு சுரம். அதே காத்திருப்பு. பிறகு அவர் குரல் வந்தது.

கொதிகலன் இல்லை. ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதன், கத்த வேண்டிய தேவை போன பிறகு பேசுகிற குரல். கரகரப்பாக இருந்தது. சில இடத்தில் மூச்சு போதவில்லை. இரண்டாவது சரணத்தில் பழைய ஞாபகத்தில் ஒருமுறை கத்தியும் விட்டார். அரை அடி பிந்தி வருவது மட்டும் துளியும் மாறவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டேன். என் மேசைக்குப் போய் எழுதினேன். சேகர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. டீச்சர் கொடுத்த பால் விடாத தே ஓ தேநீர் கையிலேயே ஆறிப்போனது.

எழுதியதை எடுத்துக்கொண்டு அவர்முன் நின்றேன். இந்த முறை குரலில் ராகம் எதுவும் கூடவில்லை. இரண்டாவது சரணம் கத்தல் என்று படித்தேன். மூச்சு போதவில்லை என்று படித்தேன். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு இதைப் படித்தேன்: ‘சேகர் அரை அடி பிந்தி வருகிறார். எப்போதும் அப்படித்தான் வந்தார், அப்போதெல்லாம் நமக்குப் பொறுமை இல்லை. இந்தப் பாட்டில் கிட்டார் நின்று காத்திருக்கிறது. நாமும் காத்திருக்கிறோம். அவர் வந்து சேரும்போது, வந்துவிட்டாரே என்று இருக்கிறது.’

சேகர் நிமிர்ந்தார்.

“ஒன்னு மட்டும் சொல்லிக்கிறேன் சார். நான் லேட்டு இல்ல. அவனுங்கதான் முந்திப் போயிடுறானுங்க.”

“சேகர், நாற்காலி பதில் பேசக் கூடாது” என்றார் டீச்சர்.

சேகருக்குக் கண் கலங்கியிருந்தது. டீச்சர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். முழுக்க, மேசை ஓரம்வரை வந்தது. எனக்குத் தின்னத் தோன்றவில்லை. தட்டை எடுத்துச் சேகரிடம் நீட்டினேன்.

அந்த வாரம் அது அச்சானது. மற்றவர்களுக்கும் சரியான குறுந்தட்டு போய்ச் சேர்ந்தது. மௌனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய பேராசிரியர் இந்த முறை வாய் திறக்கவில்லை. வெளியீட்டு நாளில் கோலசிலாங்கூர் மண்டபத்துக்கு நானும் போனேன். ராயப்பன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பாட்டு வந்தபோது கிட்டாரை வாசித்து நிறுத்தினார். மண்டபமே காத்திருந்தது. சேகர் தன் நேரத்துக்கு வந்தார். ராயப்பன் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நின்று கொடுத்தார். தம்புரின் ஆம்ப்ளிஃபயர் மேல் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

கவிதா, நீ கேட்ட அடி எனக்குப் பணி ஓய்வு நாளில்தான் விழுந்தது. அலுவலகத்தில் மீ கோரேங் நூடுல்ஸும் கேக்கும் வைத்து ஒரு சின்ன விருந்து கொடுத்தார்கள். எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட டீச்சர் கைத்தடியோடு வந்திருந்தார். கைப்பையில் கடலை இருந்தது. முதலாளி என்னை ஆகா ஓகோ என்றார். மற்றவர்களும் அப்படியே. மரண அறிவிப்புப் பகுதியில் உட்கார்ந்திருந்த நாள்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அப்போது தோல் ஜாக்கெட்டோடு சேகர் உள்ளே வந்தார். எல்லாரும் பேசி முடித்த பிறகு வந்ததைச் சொல்லத் தேவையில்லை.

டீச்சர் அந்த நீல நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். “ஒக்காரு மாரி” என்றார். உட்கார்ந்தேன். இத்தனை வருடம் எதிரே நின்று பார்த்த நாற்காலி, உட்கார்ந்து பார்த்தால் ரொம்பத் தாழ்வாக இருந்தது. எதிரே நிற்பவர் மிக உயரமாகத் தெரிந்தார்.

சேகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மாரி சார் ரொம்ப வருசமா எழுதுனாரு. ஆரம்பத்துல சத்தம் ஜாஸ்தி. வார்த்தைய வெச்சு அடிப்பாரு, யாரு மேல படுதுன்னு பாக்க மாட்டாரு. எங்க பாட்ட ஆளே இல்லாம கேட்டுட்டு, அதான் நல்லாருக்குன்னாரு. அப்புறம் ஒரு நாளு ஆள முன்னுக்கு வெச்சுக்கிட்டுக் கேட்டாரு. அன்னைக்குத்தான் சரியா கேட்டாரு. ரொம்ப லேட்டுதான். ஆனா வந்துட்டாரு.”

அவ்வளவுதான். கை தட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. குறுந்தட்டை மாற்றி அனுப்பியது நீங்கள், லேட்டு நானா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

“நாற்காலி பதில் பேசக் கூடாது” என்று சொல்லிவிட்டு, டீச்சர் கடலைத் தட்டைச் சேகர் பக்கம் நகர்த்தினார்.